பதினாலு ஊசியும் இரண்டு நாய்களும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எழுபது வயது அக்காவுக்கு, அவள் கேட்காமலே, ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்த புத்திசாலி நான்தான். அதுவும் ஏற்கெனவே ஒரு நாய் இருக்கிற வீட்டில். அதுவும் மதியம் இரண்டு மணிக்கு, சாப்பிட்டுவிட்டு அவள் தலையைச் சாய்க்கிற நேரத்தில். வழியில் ஆட்டோ ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறியதில் குட்டி என் வேட்டியிலேயே மூத்திரம் போய்விட்டது. அந்தக் கோலத்தில்தான் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன்.

நம் வயசுக்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இளசுகள் படித்தால் பாதியில் வேறெதையாவது பார்க்கப் போய்விடுவார்கள். நீங்கள் அப்படி இல்லை. முட்டியைத் தடவிக்கொண்டே, "இவனுக்கு வேற வேல இல்ல" என்று முனகிக்கொண்டே கடைசிவரை படிப்பீர்கள். உங்களுக்கும் வேறு வேலை இல்லை.

நான் செய்ததற்கு ஒரு காரணம் இருந்தது. என் மடத்தனங்கள் எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு. அக்கா வீட்டு நாய்க்குப் பதினொரு வயது. ஒரு காது கிழிந்த தெரு நாய். மழைக்கு ஒதுங்க வந்தது, அப்படியே தங்கிவிட்டது. அதை அக்கா "தம்பி" என்றுதான் கூப்பிடுவாள். அவள் கூப்பிடும்போது நாங்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்போம். சோறு அதற்குத்தான் வரும். அந்த நாய்க்கு இப்போது ஒரு கண்ணில் பால் படர்ந்திருக்கிறது, பின்னங்காலை இழுத்து இழுத்து நடக்கிறது. அது போய்விட்டால் அக்கா என்ன செய்வாள்? மகனும் மருமகளும் காலையில் வேலைக்குக் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் வருகிறார்கள். பகலெல்லாம் அந்த வீட்டில் அவளும் நாயும்தான். அதனால் வண்டிக்கு ஸ்டெப்னி வைப்பதுபோல, பழையது இருக்கும்போதே புதியது ஒன்றைக் கொண்டுவந்து சேர்த்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது.

"இன்னாடா இது?" என்றாள் அக்கா.

"நாய்க்குட்டிக்கா."

"அது தெரியுது. எதுக்கு?"

"தம்பிக்குத் துணைக்கு."

"அதுக்குத் துணை நான் இருக்கறேன். எனக்குத் துணை அது இருக்குது. நீ எதுக்கு நடுவுல?"

பழைய நாய் எழுந்து வந்து குட்டியை முகர்ந்தது. பிறகு என்னைப் பார்த்து உறுமியது. குட்டியைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. இதை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

அக்கா கதவைச் சாத்திவிடவில்லை. "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நான் செல்போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். இரண்டு நாய்களையும் வீட்டுக்கு வெளியே, பொதுவான இடத்தில் பார்க்க விட வேண்டுமாம். குட்டிக்குக் கயிறு கட்டியிருக்க வேண்டுமாம். ஒன்றின் வாசனை பட்ட துணியை இன்னொன்றின் பக்கத்தில் போட வேண்டுமாம். எல்லாம் செய்தேன். தினமும் காலையில் குட்டியைச் சிவப்புக் கயிற்றில் கட்டி, கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போவேன். அரை மணி நேரம் அதைப் பழைய நாயின் முன்னால் நடத்துவேன். பழையது உறுமும். நான் "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்பேன். பிறகு மூச்சு வாங்கி நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன். அக்கா மோர் தருவாள். குட்டியோடு ஆட்டோவில் வீடு திரும்புவேன். ஐந்து நாள் இப்படியே போனது. இடுப்புப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

ஐந்தாம் நாள் மோர் டம்ளரைத் திரும்ப வாங்கும்போது அக்கா சொன்னாள்: "அன்னிக்கும் நீதான் ஒண்ணு தூக்கிக்கினு வந்த."

கோபமாகச் சொல்லவில்லை. ஐம்பத்தைந்து வருடம் கழித்து அவள் அந்தப் பேச்சை எடுத்தது அதுதான் முதல் தடவை. அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எனக்கு அப்போது பத்து வயது, அக்காவுக்குப் பதினைந்து. பெரிய காஞ்சிபுரத்தில் நெசவுக்காரர்கள் தெருவில் எங்கள் வீடு. வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் அம்மா நெய்தாள். இன்னொன்றில் அப்பா. சேலையின் உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் அந்தப் பக்கத்து நாடாவை, அதாவது குறுக்கு நூலை ஓட்டுகிற கட்டையை, தள்ளிக் கொடுக்க இன்னொரு ஆள் வேண்டும். அப்பாவின் தறியில் அந்த ஆள் அக்கா. நான் பள்ளிக்கூடம் போகிறவன் என்ற சாக்கில் எதிலும் இல்லை.

அக்கா உட்காருகிற பலகைக்குப் பக்கத்தில், ஒரு சாக்கின்மேல், எங்கள் நாய் படுத்திருக்கும். செம்பட்டை நிறம், வாலின் நுனி மட்டும் வெள்ளை. தறிச் சத்தம் ஒழுங்காக ஓடும்வரை தூங்கும். சத்தம் நின்றால் ஒரு கண்ணைத் திறந்து பார்க்கும். அப்பா பீடி பிடிக்க எழுந்தால் இரண்டு கண்ணையும் திறக்கும். அவர் திரும்பி வந்து உட்காரும்வரை மூடாது. "நாய் நம்மள வேல வாங்குது பாரு" என்று அப்பா அலுத்துக்கொள்வார். அதனால் அக்கா அதற்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தாள். அவள் போட்டால்தான் சாப்பிடும். நான் போட்டால் முகர்ந்து பார்த்துவிட்டு, அவள் வருகிறாளா என்று கதவைப் பார்க்கும்.

அதற்கு உண்மையாகவே ஒரு வேலை இருந்தது. பாவு என்றால் சேலையின் நீளவாட்டு நூல் முழுவதும்; புதுப் பாவை விடிந்ததும் தெருவில் இழுத்துக் கட்டுவார்கள். தெருவின் இந்தக் கோடியிலிருந்து நாலைந்து வீடு தாண்டி அந்தப் பக்கம்வரை, இடுப்பு உயரத்தில், கட்டைகள் முட்டுக் கொடுத்து நிற்கும். அதன்மேல் கஞ்சி தெளித்து, கோதி, வெயில் ஏறுவதற்குள் காயவைத்துச் சுருட்ட வேண்டும். அதுவரை ஆடு வரக் கூடாது, சைக்கிள் வரக் கூடாது, என்னைப் போன்றவர்கள் வரவே கூடாது. ஆட்டுக்குக் கஞ்சி வாசனை என்றால் உயிர். ஒரு நக்கு நக்கினால் நூறு இழை போய்விடும். மேஸ்திரி பாவின் தலைமாட்டில் படுத்துக்கொண்டு எதையும் அண்ட விடாது. குரைக்காது. எழுந்து நிற்கும், அவ்வளவுதான். ஆடுகள் வந்த வழியே போய்விடும். எங்கள் பாவு மட்டுமல்ல, தெருவில் யார் பாவு நீட்டினாலும் அது போய்ப் படுத்துக்கொள்ளும். "மேஸ்திரி வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் கட்டையை நடுவார்கள். பாவின் அடியில் அது நுழைந்து ஒருவரும் பார்த்ததில்லை. சுற்றிக்கொண்டுதான் போகும்.

இந்த நிலையில் நான் ஒரு குட்டியைக் கொண்டுவந்தேன்.

கூரத்தில் அம்மாவுக்குச் சொந்தக்காரர் வீட்டில் காதுகுத்து. சாப்பாடு முடிந்து, கிளம்பும்போது ஆளுக்கொரு மஞ்சள் பை கொடுத்தார்கள். அதில் தேங்காய், வெற்றிலை, பாக்கு. அந்த வீட்டுக் கொல்லையில் நாய் குட்டி போட்டிருந்தது. நான் தேங்காயை எடுத்து வாழைமரத்தடியில் வைத்துவிட்டு, கருப்பாக இருந்த ஒரு குட்டியைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். பஸ்ஸில் அம்மா மடியில் பையை வைத்துக்கொண்டு பாதி தூரம் வந்தாள். "இன்னாடா, தேங்கா முனகுது?" என்றாள் பிறகு. கண்டக்டர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அவளுக்குத் தேங்காய் போன வருத்தம்.

மேஸ்திரி குட்டியைப் பார்த்தது. எழுந்து, இரண்டடி தள்ளிப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டது. அன்று சாயங்காலம் குட்டி அதன் சோற்றுத் தட்டில் வாயை வைத்தபோது, தொண்டைக்குள்ளேயே ஒரு சத்தம் போட்டது. குட்டி ஓடிவந்து என் காலுக்கிடையில் ஒளிந்தது.

"ஒரு வாரம் பாப்பேன்" என்றார் அப்பா. "ரெண்டும் ஒத்துப் போச்சுன்னா இருக்கட்டும். இல்ல, புதுசை கூரத்துக்கே கொண்டுபோய் வுட்டுடுவேன். தறி இருக்கற வூட்ல நாய்ச்சண்டை ஆவாது."

ஒரு வாரம். பத்து வயதில் அது பரீட்சையைவிட மோசமான கெடு. முதல் இரண்டு நாள் குட்டியைத் தூக்கித் தூக்கி மேஸ்திரியின் மூக்குக்கு நேரே காட்டினேன். அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நான் அந்தப் பக்கம் போய்க் காட்டுவேன். அது இந்தப் பக்கம் திருப்பும். "அத்த வுடேன்டா, அதுவா பாத்துக்கும்" என்று அக்கா தறியில் இருந்தபடியே சொன்னாள். நான் விடுகிற ஆளா?

மூன்றாம் நாள் அம்மாவின் தறிக்குப் புதுப் பாவு பிணைக்க ஓர் அத்தை வந்தாள். எங்களுக்கு உறவு இல்லை. தெலுங்கு பேசுகிற வீட்டுக்காரி. தெருவுக்கே அத்தை. தறியில் பழைய பாவு தீரும்போது கடைசி முழத்தை அறுத்துப் போட மாட்டார்கள். அதன் நூல்கள் சீப்புப் போன்ற அச்சுக்குள்ளும், இழைகளைத் தூக்கி இறக்குகிற விழுதின் கண்ணிகளுக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு பழைய நுனியோடும் ஒரு புது நுனியைச் சேர்த்து முறுக்கிவிட்டால், பழையதை இழுக்க இழுக்கப் புதியது அதன் பின்னாலேயே போய்விடும். அத்தைக்கு அதுதான் வேலை. ஒரு தேங்காய்ச் சிரட்டையில் சாம்பல். அதை விரலில் தொட்டுக்கொண்டு, இரண்டு நுனியைச் சேர்த்து ஒரு திருகு. ஆயிரக்கணக்கான இழை, ஆயிரக்கணக்கான திருகு. வாய் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருக்கும்.

"ஏமிரா, நாய் பஞ்சாயத்து இன்னும் முடியலியா?" என்றாள்.

"ஒத்துக்க மாட்டேங்குது அத்த."

"எப்பிடி ஒத்துக்கும்? நீ புதுசை நேரா நுழைக்கப் பாக்கற. இதப் பாரு. பழசு நுனி அச்சுல இருக்கும்போதே புதுசைச் சேத்து முறுக்கிடணும். பழசு போற வழியில புதுசு தானா போவும். நாயும் அப்பிடித்தான்பா. கொஞ்சம் சாம்பலத் தொட்டுக்க, ஒரு முறுக்கு முறுக்கு, வுட்டுடு."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். அம்மாகூடச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எல்லோரும் சிரிக்கிற இடத்தில் குறிப்பெடுத்துக்கொள்கிற ஜாதி நான். இன்றுவரை.

அன்றைக்கே வேலையை ஆரம்பித்தேன். தறியடியில் விழுகிற கழிவுப் பட்டைப் பொறுக்கினேன். பெரும்பாலும் அரக்கு, நடுநடுவே மயில்கழுத்துப் பச்சை. பட்டு ஒற்றை இழையாக இருந்தால் பெருமூச்சு விட்டாலே அறும். இருபது இழையைச் சேர்த்து முறுக்கினால் கன்றுக்குட்டியைக் கட்டலாம். பள்ளிக்கூடத்தில் மேசைக்கடியில் முறுக்கினேன். வீட்டில் போர்வைக்கடியில் முறுக்கினேன். கடைசியில் ஏழெட்டு முழ நீளத்தில் ஒரு கயிறு வந்தது. அவ்வளவு அழகான கயிற்றை நான் பிறகு எந்தக் கடையிலும் பார்க்கவில்லை. அத்தையின் சிரட்டையில் இருந்து ஒரு பிடி சாம்பல் திருடிக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் ஒன்று நடந்தது. ஆறாம் நாள் சாயங்காலம். தறி நின்றுவிட்டது. அம்மா விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் பார்க்கும்போது மேஸ்திரி அதன் சாக்கில் படுத்திருந்தது. குட்டி அந்தச் சாக்கின் ஓரத்தில், அதன் முதுகிலிருந்து ஒரு சாண் தள்ளி, தூங்கிக்கொண்டிருந்தது. மேஸ்திரிக்கு அது தெரியும். காது அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. உறுமவில்லை. எழுந்து போகவும் இல்லை.

அந்த ஒரு சாணை அப்படியே விட்டிருந்தால் இந்தக் கதை இங்கே முடிந்திருக்கும். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, "சரியான நேரம், நாளைக்கு முறுக்கிடலாம்" என்று நினைத்தேன்.

மறுநாள் விடியலில் அப்பாவின் தறிக்கான பாவைத் தெருவில் நீட்டினார்கள். கல்யாணச் சேலைப் பாவு, நல்ல மாம்பழ மஞ்சள். முதல் கஞ்சி தெளித்தாகிவிட்டது. இரண்டாவது கஞ்சியை எடுத்துவர அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் உள்ளே போனார்கள். அக்கா பாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, மேஸ்திரிதான் இருக்கிறதே என்று, கை கழுவ அவளும் உள்ளே போனாள். எனக்கு வேண்டியிருந்தது அந்த இடைவெளிதான்.

மேஸ்திரி பாவின் தலைமாட்டில் வேலையில் இருந்தது. நான் அதன் கழுத்துக் கயிற்றில் என் பட்டுக் கயிற்றின் ஒரு முனையைக் கட்டினேன். மறுமுனையைக் குட்டியின் கழுத்தில். இரண்டு முடிச்சிலும் சாம்பல் தடவி, அத்தை செய்வதுபோல் ஒரு திருகு திருகினேன். மேஸ்திரி என்னை அண்ணாந்து பார்த்தது. வேலை நேரத்தில் விளையாட வந்தவனைப் பார்க்கிற பார்வை. ஆனால் அசையவில்லை.

அப்போது அந்தக் கோடியில் ஓர் ஆடு வந்தது.

மேஸ்திரி எழுந்து ஓடியது. அது அதன் கடமை. கழுத்தில் இன்னொரு உயிர் தொங்குகிறது என்பது அதற்கு எப்படித் தெரியும்? குட்டி வீறிட்டுக்கொண்டு இழுபட்டது. பிறகு எழுந்து, தப்பிக்கிற நினைப்பில், பாவுக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் போனது. பெரியது இந்தப் பக்கம், சின்னது அந்தப் பக்கம், நடுவில் என் கயிறு. முட்டுக் கொடுத்த கட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. மாம்பழ மஞ்சள் முழுவதும் மண்ணில் படுத்தது. நான் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தேன். அது என் உள்ளங்கையில் அப்படியே ஓடியது. பட்டு அறுப்பதுபோல் கத்திகூட அறுக்காது.

பிறகு மேஸ்திரி நின்றுவிட்டது. அதன் நாலு காலிலும் பாவு சுற்றியிருந்தது. ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி, அதைக் கீழே வைக்காமல், சிலைபோல் நின்றது. ஓர் அடி வைத்தால் இன்னும் நூறு இழை போகும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. உடம்பு மட்டும் நடுங்கியது. நான் குட்டியின் முடிச்சை அவிழ்த்தேன். அது ஓடிவிட்டது. பெரியதன் முடிச்சை அவிழ்த்தேன். கயிற்றைச் சுருட்டி டிரவுசர் பைக்குள் திணித்தேன். என் கையில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. மேஸ்திரி தலையைத் தாழ்த்தி அந்தக் கையை நக்கியது. அத்தனை நாளில் அது என்னை நக்கியது அந்த ஒரு தடவைதான்.

அப்பா கஞ்சிப் பானையோடு வெளியே வந்தார்.

அவர் பார்த்தது இதைத்தான்: பாவு மண்ணில் கிடக்கிறது. நாய் அதற்குள் நிற்கிறது. பையன் கையில் ரத்தம். நாயின் வாயில் ரத்தம்.

"கடிச்சுடுச்சா?" என்றார்.

நான் தலையை ஆட்டினேன்.

உங்களிடம் அந்தத் தலையாட்டலுக்குச் சமாதானம் சொல்ல மாட்டேன். பயம் என்று சொல்லலாம். பத்து வயது என்று சொல்லலாம். ஆனால் அந்தத் தலை இதே தலைதான். இன்று வழுக்கை விழுந்திருக்கிறது, அதுதான் வித்தியாசம்.

அப்பா நாயை அடிக்கவில்லை. அவர் அடிக்கிற ஆள் இல்லை. அவருக்கு அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. "புதுசு வந்த ஆத்திரத்துல புத்தி மாறிப்போச்சு" என்றார். கூடியிருந்தவர்களும் அதையே சொன்னார்கள். "வயசாச்சுன்னா இப்பிடித்தான்பா", "ஒரு தடவ ரத்தம் பாத்துதுன்னா அப்புறம் வுடாது." நேற்றுவரை "மேஸ்திரி வந்தாச்சா" என்று கேட்ட அதே வாய்கள். அப்பா அக்காவின் பக்கம் திரும்பினார். "நாய நம்பி உள்ள போனியா?" என்று ஒரே ஒரு கேள்வி. அக்கா மண்ணில் உட்கார்ந்து மேஸ்திரியின் காலில் இருந்து ஒவ்வோர் இழையாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

திருப்புட்குழிப் பக்கத்திலிருந்து வாரம் ஒருமுறை வைக்கோல் வண்டி வரும். அன்று அந்த நாள். வைக்கோலை இறக்கிவிட்டு வண்டி காலியாகத் திரும்பும்போது அப்பா வண்டிக்காரரிடம் பேசினார். "களத்துல கட்டிப் போட்டுக்குங்க. காவலுக்கு நல்ல நாய்." மேஸ்திரி முரண்டு பிடிக்கவில்லை. வண்டியில் ஏறி, முன்பக்கம் வண்டிக்காரருக்குப் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டது. இதுவும் ஏதோ வேலை என்று நினைத்திருக்கும். அக்கா வண்டியின் பின்னாலேயே ரயில்வே கேட்வரை போனாள். கேட் சாத்தியிருந்த நேரம் முழுவதும் அதன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாளாம். கேட் திறந்ததும் வண்டி போய்விட்டது.

இனி என் தண்டனை. மறுநாள் அப்பா என்னைச் சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கம்பவுண்டர் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"நாய் வூட்லதான இருக்குது? பத்து நாள் கட்டிப் போட்டுப் பாருங்க. நல்லா இருந்துச்சுன்னா பாக்கி ஊசி வேணாம்."

"நாய நேத்தே அனுப்பிட்டோம்" என்றார் அப்பா.

"அப்ப பதினாலும் போட்டாவணும்."

தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி, தினம் ஒன்று. நாய் போனதால் பதினாலு. நாய் கடிக்கவே இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு நாளும் அந்த வார்த்தை வாய்வரை வரும். ஊசியைப் பார்த்ததும் வயிறு உள்ளே போகும், வார்த்தையும் உள்ளே போய்விடும். ஒரு பொய்யைக் காப்பாற்ற என் வயிற்றைக் கடிகார முகம் மாதிரி எண்ணுக்கு ஒன்றாகக் குத்தவிட்டேன். பன்னிரண்டு மணி முடிந்து இன்னும் இரண்டு மிச்சம்.

தினமும் அக்காவும் கூட வந்தாள். நான் சைக்கிள் பாரில், அவள் பின்னால் கேரியரில். ஊசி போடும்போது என் கையை, கட்டுப் போடாத கையை, பிடித்துக்கொள்வாள். ஐந்தாம் ஊசியோ ஆறாம் ஊசியோ போட்டுவிட்டு வெளியே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அப்பா எனக்குப் பன் வாங்கப் போயிருந்தார். அக்கா என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "நெஜமாவே கடிச்சுதாடா? இல்ல தெரியாம பல்லு பட்டுச்சா?"

அவளுக்குத் தேவைப்பட்டது சின்ன விஷயம். தெரியாமல் பட்டது என்று நான் சொல்லியிருந்தால்கூடப் போதும், அவள் அப்பாவிடம் பேசியிருப்பாள், திருப்புட்குழிக்கு நடந்தே போயிருப்பாள்.

"கடிச்சுச்சு" என்றேன்.

முதலில் தலையாட்டியது பயம். இது பயம் இல்லை. ஐந்தாறு ஊசி வீணாகிவிடுமே என்ற கணக்கு. பன் வந்தது. அக்கா பிய்த்து ஊட்டிவிட, தின்றேன்.

அடுத்த வாரம் வைக்கோல் வண்டி வந்தபோது அக்கா தெருக்கோடியிலேயே நிறுத்திக் கேட்டாள். வண்டிக்காரர் தலையைச் சொறிந்தார். "பாதி வழியிலயே குதிச்சுடுச்சுமா. ஏரிக்கரைகிட்ட. கூப்ட்டேன், வரல." காஞ்சிபுரத்தைப் பார்த்துத்தான் ஓடியது என்றார். அது வீட்டைப் பார்த்துத்தான் ஓடியிருக்கும். வந்து சேரவில்லை. வழியில் என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. அக்கா ஒரு மாதம்வரை தெருக்கோடியில் சோறு வைத்தாள். காக்கைகள் தின்றன.

குட்டி எங்கள் வீட்டிலேயே இருந்தது. இனி ஒத்துப்போக யாரும் இல்லையே. முதல் சில நாள் அது அந்தச் சாக்கின் ஓரத்தில், ஒரு சாண் இடம் விட்டு, தூங்கும். நடுவில் படுக்காது. பிறகு அம்மா சாக்கை உதறிக் கொல்லையில் போட்டுவிட்டாள். அது வளர்ந்து, பெருத்து, ஆடு வந்தால் வாலை ஆட்டுகிற நாயாக ஆனது. அதன் பிறகு பாவு நீட்டும்போதெல்லாம் யாராவது ஒருவர் குச்சியோடு நிற்க வேண்டியதாயிற்று. அக்கா அதற்கு ஒருநாளும் சோறு போடாமல் இருந்ததில்லை. ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. அதனால் அதற்குப் பெயரே இல்லாமல் போய்விட்டது.

என் பட்டுக் கயிற்றை ஓட்டுக்கூரையின் இடுக்கில் செருகி வைத்திருந்தேன். அடுத்த மழைக்கு முன்னால் ஓடு மாற்றியபோது போய்த் தேடினேன், காணோம். எலி கொண்டுபோயிருக்கும். உள்ளங்கையில் கோடு மட்டும் தங்கிவிட்டது. ஒருமுறை கோயில் வாசலில் ஒரு ஜோசியர் அதைப் பார்த்து, இது வெளிநாட்டு யோகம் என்றார். நான் அரக்கோணத்தைத் தாண்டியது குறைவு.

இதெல்லாம் அன்று மதியம் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது. அறுபத்தைந்து வயதில் மறுபடியும் குட்டியும் கயிறுமாக அதே அக்காவின் வாசலில் நின்றிருக்கிறேன். பழையது இருக்கும்போதே புதியதைச் சேர்த்து முறுக்க வேண்டும் என்று. ஐம்பத்தைந்து வருடத்தில் அத்தையின் ஒரு தமாஷைத் தவிர நான் வேறெதுவும் கற்றுக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

ஆறாம் நாள் காலையில் போனேன். ஆட்டோவை வாசலிலேயே நிற்கச் சொன்னேன். அக்கா கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பழைய நாய் அவள் பக்கத்தில். என்னைப் பார்த்ததும் வழக்கம்போல் உறுமியது. நான் நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தேன். உட்கார இரண்டு நிமிடம் ஆனது. குட்டி என் மணிக்கட்டில் கட்டிய கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தது.

"இன்னாடா, கீழ உக்கார்ற? எப்பிடி எழுந்துப்ப?"

"அக்கா, மேஸ்திரி என்னக் கடிக்கல."

கீரை உருவிய கை நின்றது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். சாம்பல், கயிறு, ஆடு, கை, நாக்கு. சுருக்கமாகச் சொல்ல நினைத்தேன், முடியவில்லை. வேப்பமரத்தடியில் அவள் கேட்டதையும் நான் சொன்னதையும் கடைசியில் சொன்னேன். நான் சொல்லி முடித்ததும் என் வலது கையைப் பிடித்து விரித்தாள். கட்டைவிரலால் அந்தக் கோட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவிப் பார்த்தாள், நூலில் கணு இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

"பட்டுதான்" என்றாள்.

கையை விட்டுவிட்டாள்.

"பதினாலு ஊசி போட்டுக்கினியேடா. அப்பகூடவா?"

"ஆமாக்கா."

"நான் பன்ன ஊட்டிவுட்டேன்."

"ஆமா."

அவள் மறுபடியும் கீரையை எடுத்தாள். ஒரு கொத்து, இன்னொரு கொத்து. எனக்கு அவள் திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. ஏதாவது தமாஷாகச் சொல்லலாமா என்றுகூடப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. வெளியே ஆட்டோக்காரர் ஒருதரம் ஹாரன் அடித்தார். பழைய நாய் என்னை உறுமுவதை நிறுத்திவிட்டு, கயிற்றின் நுனியில் நெளிகிற குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இதையும் இட்டுக்கினு போயிடட்டுமாக்கா?" என்றேன்.

அவள் கீரையிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"கயித்த அவுத்துட்டு நீ கெளம்பு."